டோபர்மோரி டைரி: ரெண்டு டைவுக்கு நடுவுல

முதல் நாள், புதன்

காலைல அஞ்சு மணிக்கெல்லாம் கனடாவுல டொரொண்டோ பக்கம் இருக்கற ஸ்கார்பரோவ விட்டுக் கிளம்பியாச்சு. வண்டியில அண்ணன், அக்கா (கூடப் பிறந்தவங்க இல்ல, நான் அப்படிக் கூப்பிடறேன்), நான், பின்னாடி எட்டு காத்து டேங்க், ரெண்டு ட்ரைசூட் (தண்ணி உள்ள புகாத டைவ் உடை) பை, அப்புறம் அக்காவோட நாலு பெரிய ஃபிளாஸ்க். ஓவன் சவுண்ட் தாண்டி, வயர்ட்டன் தாண்டி, ஆறாம் நம்பர் ஹைவே காட்டுக்குள்ள ஓடி ஓடி கடைசில தண்ணிகிட்ட போய் நிக்கும், அதுக்கு மேல மனிட்டூலின் தீவுக்குப் போற ஃபெரிதான். அந்தத் தண்ணிக்கரை ஊருதான் டோபர்மோரி. டொரொண்டோல இருந்து சுமாரா 300 கிலோமீட்டர்.

இந்தக் குட்டி ஊருக்கு டைவர்ங்க ஏன் இப்படி வந்து குவியறாங்கன்னா, சுத்தி இருக்கற தண்ணிக்குள்ள இருபதுக்கு மேல பழைய கப்பல் கிடக்கு. 1987-ல இதை ஃபேதம் ஃபைவ்னு தேசிய கடல் பூங்காவா ஆக்கினாங்க, பேருதான் கடல், இருக்கறது ஹ்யூரான் ஏரி, நல்ல தண்ணி. உப்பு இல்லாததால மரத்தத் துளைக்கற கடல் புழு இங்க கிடையாது, போதாததுக்கு குளிரு வேற, அதனால 1880-கள்ல முங்கின மரக்கப்பல் கூட பலகை பலகையா இன்னும் அப்படியே இருக்கு. அந்தக் குளிருதான் கப்பலக் காப்பாத்தி வச்சிருக்கு, அதே குளிருதான் நம்மளப் போட்டு வாட்டுது.

நான் டைவ் கத்துக்கிட்டது பாண்டிச்சேரியில. 28 டிகிரி தண்ணி, மெல்லிசா ஒரு வெட்சூட் (தண்ணி உள்ள புகற ரப்பர் உடை), மேல வந்தா படகுல வெயில் காயும், இளநி வெட்டிக் குடிக்கலாம். ரெண்டு டைவுக்கு நடுவுல இருக்கற நேரத்தப் பத்தி அங்க நான் ஒரு நாளும் யோசிச்சதே இல்ல. இங்க ஜூன் மாசத்துல கூட அடியில 4 டிகிரி. தண்ணி 4 டிகிரியிலதான் ரொம்ப கனமா இருக்கும், அதனால அந்தத் தண்ணி கீழ போய்ப் படுத்துக்கும், மேல எவ்வளவு வெயில் அடிச்சாலும் ஆழத்துல வருஷம் பூரா ஏறக்குறைய அதே கணக்குதான்.

அதனால இந்த நாலு நாள் டைரில கப்பலப் பத்திக் கொஞ்சமாத்தான் எழுதப் போறேன். ஒரு டைவ் முடிஞ்சு அடுத்த டைவுக்கு நடுவுல இருக்கற அந்த ஒண்ணரை ரெண்டு மணி நேரத்துல உடம்ப எப்படி ஆபத்தில்லாம சூடு பண்ணிக்கறதுன்னுதான் எழுதணும். ஏன்னா போன வருஷம் இதே ஊர்ல அதைத் தப்பாப் பண்ணி நான் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தேன்.

நடந்தது இதுதான். மூணு டைவ் பண்ண நாள். கடைசி டைவ் முடிஞ்சு மேல வரும்போது பல்லு தந்தியடிக்குது, விரல்ல உணர்ச்சியே இல்ல. தங்கியிருந்த மோட்டல்ல ஹாட் டப் இருந்துச்சு, வண்டிய நிறுத்தின கையோட நேரா போய் 40 டிகிரி வெந்நில கழுத்து வரைக்கும் இறங்கிட்டேன். அந்த சுகம் இன்னும் ஞாபகம் இருக்கு. அரை மணி நேரத்துல வயிறு, தோள்பட்டை எல்லாம் அரிப்பு, கண்ணாடில பாத்தா தோல்ல சிவப்பும் நீலமுமா மார்பிள் தரை மாதிரி திட்டுத்திட்டா. அண்ணன் ஒரு தடவதான் பாத்தார், உடனே ஆக்சிஜன் மாஸ்க்க முகத்துல வச்சிட்டு டைவர்ங்களுக்கு அவசர உதவி பண்ற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்குக்கு போன் போட்டார். தோல்ல வர்ற டீகம்ப்ரெஷன் நோய், அதாவது ஆழத்துல உடம்புல கரைஞ்ச நைட்ரஜன் மேல வரும்போது குமிழாகறதால வர்றது, டைவர்ங்க பெண்ட்ஸ்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் டைவ் டாக்டர்கிட்ட காட்டி, இதயத்துல ஓட்டை எதாவது இருக்கானு எக்கோ எல்லாம் எடுத்து, மறுபடி தண்ணில இறங்கலாம்னு அவர் சொல்ல மாசக்கணக்காச்சு. ஹாட் டப்ப மட்டும் குத்தம் சொல்ல முடியாதுன்னாரு டாக்டர், மூணு டைவ், நாள் பூரா சரியா தண்ணி குடிக்கல, கடைசில குளிர்ல நடுங்கிட்டே மேல வந்தது, அதுக்கு மேல வெந்நி, எல்லாம் ஒண்ணா சேர்ந்துதான் இப்படின்னு சொன்னாரு.

இன்னைக்கு பார்க் ஆபீஸ்ல பதிவு பண்ணிட்டு சாயங்காலம் கரையில இருந்தே ஒரே ஒரு டைவ். ஊருக்குள்ளயே ‘டக்ஸ்’னு ஒரு இடம், நாலு பழைய இழுவைப் படகுங்க தண்ணிக்கு அடியில கிடக்கு, புதுசா சீல் (கழுத்துல, மணிக்கட்டுல தண்ணி புகாமப் பிடிக்கற பட்டை) மாத்தின ட்ரைசூட்ட சரி பாக்க தோதான இடம். மேல 8 டிகிரி, பத்து மீட்டர்ல 5. இருபத்தஞ்சு நிமிஷம், கழுத்து சீல் ஒழுகல, எடை சரி. போதும்னு ஏறிட்டோம்.

ராத்திரி மோட்டல் ஜன்னல்ல இருந்து பாத்தா பக்கத்துக் கட்டடத்து ஹாட் டப்புல இருந்து ஆவி போயிட்டிருக்கு. நான் திரைய இழுத்து மூடிட்டேன்.

ரெண்டாம் நாள், வியாழன்

இன்னைக்கு படகு. முதல் டைவ் நயாகரா டூ, மணல் அள்ளற கப்பல், டைவர்ங்களுக்குன்னே 1999-ல முங்க வச்சது, கிட்டத்தட்ட 30 மீட்டர் ஆழத்துல நிமிர்ந்து உக்காந்திருக்கு. ரெண்டாவது வெட்மோர், 1901 நவம்பர் புயல்ல போன நீராவிக் கப்பல், 9 மீட்டர்தான், பெரிய பாய்லர் இன்னும் அப்படியே கிடக்கு.

சூடா இருக்கறதுங்கறது தண்ணில இறங்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது, அதை எனக்குப் புரிய வச்சது அக்காதான். அவங்க பதினஞ்சு வருஷம் டைவ் பண்ணவங்க, காதுல பிரச்சனை வந்தப்புறம் நிறுத்திட்டு இப்ப மேல இருந்து எங்களப் பாத்துக்கறாங்க. காலைல படகுத் துறையில நான் அவசர அவசரமா அண்டர்சூட் (உள்ள போடற கனமான உடை), ட்ரைசூட் எல்லாத்தையும் போட்டு ஜிப்ப இழுத்துட்டு டேங்க் தூக்கப் போனேன். “தம்பி, இப்பவே ஜிப்ப பூட்டாதேங்கோ, வேர்த்தா அந்த ஈரம் உள்ளதான் நிக்கும், கீழ போய் அதுதான் உங்களை விறைக்கப் பண்ணும்”னாங்க. உண்மைதான். ட்ரைசூட் வெளித்தண்ணிய உள்ள விடாது, அதே மாதிரி உள்ள ஊறின வேர்வையையும் வெளிய விடாது. முதல் ரெண்டு சீசன் நான் அண்டர்சூட்டுக்குள்ள நம்மூர் பருத்தி பனியன் போட்டுட்டிருந்தேன், அது வேர்வைய உறிஞ்சி வச்சுக்கிட்டு முதுகுல ஐஸ் வச்ச மாதிரி ஒட்டிக்கும். இப்ப மெரினோ கம்பளி, அது ஈரமானாலும் கொஞ்சம் சூடு பிடிச்சு வச்சிருக்கும். டேங்க் தூக்கறது, கட்டறது எல்லா வேலையும் முடிச்சிட்டுதான் மேல் ஜிப், தலைய மூடற ஹூட் ரெண்டும்.

நயாகரா டூல அடியில பதினெட்டு நிமிஷம். டைவ் கம்ப்யூட்டர்ல (ஆழம், நேரம் எல்லாம் கணக்கு வைக்கற கருவி) 4 டிகிரி. முகத்துல ஹூட்டுக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல திறந்திருக்கற அந்தத் துண்டுல முதல்ல ஊசி குத்தற மாதிரி இருக்கும், ரெண்டு நிமிஷத்துல மரத்துப் போயிடும். மேல ஏறி 5 மீட்டர்ல சேஃப்டி ஸ்டாப்ல, அதாவது நைட்ரஜன் வெளிய போகக் கொஞ்ச நேரம் நிக்கற இடத்துல, தொங்கும்போதுதான் கை போச்சு. இந்த இடத்தப் பத்திக் கொஞ்சம் விரிவா சொல்றேன், நிறைய பேர் கவனிக்காம விடறது இதைத்தான்.

அமெரிக்கக் கடற்படை ஒரு பெரிய சோதனை பண்ணி 2007-ல வெளியிட்டாங்க. தொட்டில 36 டிகிரி தண்ணிலயும் 27 டிகிரி தண்ணிலயும் டைவர்ங்கள மாத்தி மாத்தி வச்சுப் பாத்திருக்காங்க. அடியில இருக்கும்போது சூடா இருந்து மேல ஏறும்போது குளிர்ல இருந்தவங்களுக்குத்தான் பெண்ட்ஸ் ரொம்ப அதிகமா வந்துச்சு. அடியில குளிர்ல இருந்து ஏறும்போது சூடா இருந்தவங்க அதை விட ரெண்டு மடங்குக்கு மேல நேரம் அடியில இருந்தும் அவங்களுக்கு ரொம்பக் கம்மிதான். காரணம் எளிமையா பாத்தா, சூடா இருந்தா தோலுக்கும் கை காலுக்கும் ரத்தம் நல்லா ஓடும், அடியில அப்படி ஓடினா நைட்ரஜன் நிறைய உள்ள போய்ச் சேரும். ஏறும்போது குளிர்ந்து ரத்தக்குழாய் சுருங்கிடுச்சுன்னா உள்ள போனது வெளிய வர வழி இல்லாம அங்கயே தங்கிடும். இதுல என்னை யோசிக்க வச்சது அவங்க ‘குளிரு’ன்னு வச்ச 27 டிகிரி கிட்டத்தட்ட நம்ம பாண்டிச்சேரி தண்ணிங்கறது. அந்த வித்தியாசத்துக்கே அப்படின்னா 4 டிகிரில என்ன ஆகும்னு யோசிங்க.

நம்ம சாதாரண டைவ்ல வழக்கமா நடக்கறதப் பாத்தா சரியா அந்த மோசமான வரிசையிலதான் நடக்குது. இறங்கும்போது சுடச்சுட இருப்போம், அடியில நீந்தி வேலை செஞ்சு இன்னும் சூடாவோம், கடைசில ஏறி நிக்கும்போது விறைச்சுப் போயிருப்போம். பேட்டரில ஓடற ஹீட்டட் வெஸ்ட் வச்சிருக்கவங்க அத முதல் நிமிஷத்துல இருந்து முழுசா போட்டு விடறாங்க, பாதி டைவுல பேட்டரி தீந்துடுச்சுன்னா குளிரோட ஏறணும், இதை விட மோசமான நிலைமை கிடையாது. அண்ணன் அடியில குறைவா வச்சுக்குவார், ஏற ஆரம்பிச்சதும் கூட்டுவார். என்கிட்ட வெஸ்ட் கிடையாது, அதனால எனக்கு இருக்கற ஒரே வழி சீக்கிரம் ஏறறதுதான். குளிர் டைவ்ல உண்மையான ஆழத்தோட 4 மீட்டர் சேத்து ஆழமான டைவா கணக்கு போடணும்னு டைவ் டேபிள் (எந்த ஆழத்துல எவ்வளவு நேரம்ங்கற அட்டவணை) சொல்லித் தரும்போதே சொல்லித்தருவாங்க, கம்ப்யூட்டர் வந்ததுக்கப்புறம் எல்லாரும் அதை மறந்துட்டோம். நான் இப்ப கம்ப்யூட்டரை கன்சர்வேட்டிவ்ல, அதாவது கூடுதல் எச்சரிக்கையா கணக்கு போடற மாதிரி, வச்சிருக்கேன்.

சரி, படகுல ஏறியாச்சு. இப்பதான் விஷயமே. தண்ணிய விட்டு வந்ததும் குளிரு நின்னுடும்னு நினைப்போம், ஆனா உள் உடம்பு சூடு அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் இறங்கிட்டேதான் போகும், கை கால்ல இருக்கற குளிர்ந்த ரத்தம் நடு உடம்புக்குத் திரும்புதுல்ல. மேல வந்து பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சுதான் எனக்கு நடுக்கம் உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்துல டேங்க் மாத்தறேன், கயிறு இழுக்கறேன்னு ஆட்டம் போடக் கூடாது, உடம்ப முறுக்கி வேலை செஞ்சா உள்ள இருக்கற நைட்ரஜன் குமிழாகறது கூடும். ஓடிக் குதிச்சு சூடாக்கிக்கலாம்னு நினைக்கறவங்களுக்கும் இதேதான். மெதுவா ரெண்டு எட்டு நடக்கலாம், அவ்வளவுதான்.

அக்கா வச்சிருக்கற வரிசை இதுதான். முதல்ல ஹூட், கையுறை கழட்டி, தலைய நல்லா துவட்டி கம்பளித் தொப்பி. காத்து இல்லாத பக்கமா உக்கார வைக்கறது, கேபினுக்குள்ள இடம் இல்லன்னா காத்து புகாத நீள அங்கி மேல போத்தறது, ஈரத்துல காத்து பட்டாத்தான் சூடு போறது அதிகம். சூட்டுக்குள்ள ஈரம் இருக்கானு பாக்கறது, இருந்தா கூச்சப்படாம முழுசா கழட்டி காஞ்சத மாத்தியே ஆகணும், ட்ரைசூட் நனையலன்னா அப்படியே போட்டுட்டு இருக்கறதுதான் நல்லது. அப்புறம் கையில ஒரு கப்பு.

கப்புல இன்னைக்கு மல்லித் தேத்தண்ணி, நல்லா சீனி போட்டு. “குடியுங்கோ, ஆறவிடாதேங்கோ.” ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன், 60 டிகிரில ஒரு பெரிய கப்பு குடிச்சா எழுபது கிலோ உடம்பு முழுசுக்கும் அதுல கிடைக்கற சூடு பத்துல ஒரு டிகிரி அளவுதான். அந்த ரெண்டு ஸ்பூன் சீனி எரியும்போது தர்ற சூடு அதை விட பல மடங்கு. நடுங்கறதுக்கு உடம்புக்கு விறகு வேணும், அது சீனி. தண்ணியும் முக்கியம், குளிர்ல முங்கினா உடம்பு கை கால்ல இருந்து ரத்தத்த நடுவுக்கு இழுத்துக்கும், நிறைய ரத்தம் இருக்குன்னு கிட்னி ஏமாந்து மூத்திரமாத் தள்ளிடும். ட்ரைசூட்டக் கழட்டறது கஷ்டம்னு காலைல இருந்து தண்ணியே குடிக்காம இருக்கறவங்க இருக்காங்க, போன வருஷம் நானும் அதைத்தான் பண்ணேன். இப்ப ட்ரைசூட்டக் கழட்டாமயே மூத்திரம் போக பி-வால்வ் வச்சுட்டேன், நிம்மதியாக் குடிக்கறேன்.

வெட்மோர்ல வெயில் உள்ள வரைக்கும் எட்டுது, பாய்லர் பக்கத்துல மீன் குஞ்சுங்க. 8 டிகிரி, நாப்பது நிமிஷம், குளிரே தெரியல.

மூணாம் நாள், வெள்ளி

வடமேற்குக் காத்து, மழை, படகு எல்லாம் ரத்து. கரையில இருந்து டைவ் பண்ணலாம்னு பிக் டப் லைட்ஹவுஸுக்குப் போனோம். பாறையில இறங்கி நீந்தினா கொஞ்ச தூரத்துலயே சரிஞ்சு ஆழமாப் போகும், அழகான இடம், ஆனா பாறை வழுக்கும், மரத்துப் போன காலோட ஏறி வர்றது நல்லதில்ல. ஒரே டைவ், முப்பது நிமிஷம்.

இன்னைக்கு எழுத வேண்டியது வேற. பார்க்கிங்ல இன்னொரு குரூப் வேன்ல வந்திருந்தாங்க, நாலு பேரு, சின்னப் பசங்க, 7 மில்லி வெட்சூட்ல. டைவ் முடிஞ்சு வேனுக்குள்ள போய் கதவு கண்ணாடி எல்லாம் ஏத்தி மூடிக்கிட்டாங்க. உள்ள ஆரஞ்சு வெளிச்சம். அண்ணன் என்ன நினைச்சாரோ, நடந்து போய் கதவைத் தட்டினார். திறந்தா உள்ள கேஸ் சிலிண்டர்ல ஓடற சின்ன ஹீட்டர், காத்து போக ஒரு ஓட்டை கிடையாது. ஒருத்தன் தலைவலிக்குதுன்னு படுத்திருக்கான், குளிர்ல டயர்டா இருக்குன்னு நினைச்சிட்டிருக்காங்க. அண்ணன் ஹீட்டரை அணைச்சு, எல்லாரையும் வெளிய இறக்கி, படுத்திருந்தவனுக்கு எங்க ஆக்சிஜன் பெட்டிய எடுத்துக் குடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்னு விடாப்பிடியா நின்னு அனுப்பி வச்சார். நெருப்பு எரிய எரிய உள்ள ஆக்சிஜன் குறைஞ்சு கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி, எல்லாமே குளிருன்னும் பசின்னும் தோணும். டைவ் பண்ணவனுக்கு இன்னொரு குழப்பம், இதே அறிகுறி பெண்ட்ஸ்லயும் வரும். ஐஸ் ஃபிஷிங் குடிசைக்குள்ள, டென்ட்டுக்குள்ள இப்படி ஆள் போன கதை இந்த நாட்டுல எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் குளிரு அடிக்கும்போது ஞாபகம் வராது. வண்டியில இருக்கற ஹீட்டரப் போடறதுன்னா கூட சைலன்சர் வாய் அடைபடாம இருக்கானு பாக்கணும், அந்தப் புகை டேங்க் நிரப்பற கம்ப்ரெஸர் காத்து இழுக்கற பக்கம் போகாம நிறுத்தணும்.

அந்தப் பசங்கள்ல ஒருத்தன் கையுறைக்குள்ள வைக்கற கெமிக்கல் ஹேண்ட் வார்மர் பாக்கெட் வச்சிருந்தான், அண்ணே இதை நீங்க ட்ரைசூட்டுக்குள்ள போட்டுப்பீங்களானு கேட்டான். கேட்டதே நல்லதாப் போச்சு. அது இரும்புத்தூள், துருப்பிடிக்கும்போது வர்ற சூடு, காத்துல இருக்கற ஆக்சிஜன்ல ஓடுது. ஆழத்துக்குப் போனா சூட்டுக்குள்ள காத்து அழுத்தம் கூடுது, ஆக்சிஜனும் கூடுது, பாக்கெட் மேல இருந்ததை விட அதிகமா சுட ஆரம்பிக்கும், மரத்த தோலுக்கு அது தெரியாது, தெரிஞ்சாலும் முப்பது மீட்டர் அடியில அதை வெளிய எடுக்க வழியில்ல. மேல, கரையில, துணிக்கு மேல வச்சுக்கோ, தண்ணிக்குள்ள வேண்டாம்னு சொன்னோம்.

வெட்சூட் பசங்களுக்கு அக்கா இன்னொண்ணு சொல்லிக் குடுத்தாங்க. ஃபிளாஸ்க்ல கொண்டு வந்த வெந்நிய பச்சைத் தண்ணியோட விளாவி, அடுத்த டைவுக்கு முன்னாடி கையுறையிலயும் கால் பூட்ஸ்லயும் ஊத்திக்கணும். ஆனா பதம் பாக்க விரல விடக் கூடாது, விரல் மரத்துக் கிடக்கு, அதுக்கு எல்லாமே வெதுவெதுப்பாத்தான் தோணும். குழந்தையக் குளிப்பாட்டறதுக்கு முன்னாடி பாக்கற மாதிரி முழங்கைய விட்டுப் பாக்கணும். என் அம்மாவும் அப்படித்தான் பாப்பாங்க, கும்பகோணத்துல அண்டா முன்னாடி குந்தி உக்காந்து முழங்கைய விட்ட அம்மா அப்படியே கண்ணு முன்னாடி வந்துட்டாங்க.

சாயங்காலம் பக்கத்து ரூம்காரர் ஒரு பெக் விஸ்கி நீட்டினார், குளிருக்கு இதமா இருக்கும்னு. சாராயம் தோல்ல இருக்கற ரத்தக்குழாயத் திறந்து விடும், முகம் ஜிவ்வுனு சூடாத் தோணும், ஆனா அந்தச் சூடு உள்ள இருந்து வெளிய போயிட்டிருக்கு. நாளைக்குக் காலைல அரேபியா கப்பல் டைவ் இருக்குண்ணேன்னு சொல்லி கும்பிட்டு விலகிட்டேன். குளியல் ராத்திரி எட்டு மணிக்கு, டைவ் முடிஞ்சு அஞ்சு மணி நேரம் கழிச்சு, வெதுவெதுப்பான தண்ணில. திடீர்னு வெந்நி பட்டா தோல்கிட்ட இருக்கற திசு சூடாகி அதுல கரைஞ்சிருக்கற நைட்ரஜன் சட்டுனு குமிழாகிடும், சூடான திரவத்துல வாயு குறைவாத்தான் கரையும், சோடா பாட்டில வெயில்ல வச்சுத் திறந்த மாதிரி. அதோட ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சு பிரஷர் இறங்கி மயங்கி விழறவங்களும் உண்டு. டைவ் இருக்கற நாள்ல ஹாட் டப் இல்லவே இல்லங்கறது என் சொந்தக் கட்டுப்பாடு.

நாலாம் நாள், சனி

காத்து அடங்கிடுச்சு. அரேபியா. இதுக்காகத்தான் அண்ணன் வருஷா வருஷம் வர்றார். 1853-ல கிங்ஸ்டன்ல கட்டின பாய்மரக் கப்பல், 1884 அக்டோபர்ல சோளம் ஏத்திட்டு வரும்போது முங்கினது. 35 மீட்டர் ஆழம். கயித்தப் பிடிச்சு இறங்க இறங்க பச்சை இருட்டா ஆகி, அதுல இருந்து முன்பக்கம் மெதுவா வெளிய வரும், ரெண்டு பக்கமும் நங்கூரம் தொங்கறது தெரியும். 140 வருஷம் ஆச்சு. அந்த முன்மரத்துக்குக் கீழ நான் ஒரு நிமிஷம் சும்மா மிதந்துட்டு இருந்தேன், அழுகை வர்ற மாதிரி இருந்துச்சு, எதுக்குன்னு தெரியல.

அடியில பன்னெண்டு நிமிஷம். ஏறும்போது கூடவே கொஞ்சம் ஸ்டாப் சேந்துடுச்சு. இடது கையுறையில சின்னதா ஒரு ஓட்டை, அது எனக்கு ஏறும்போதுதான் தெரிஞ்சுது, மணிக்கட்டு வரைக்கும் 4 டிகிரி தண்ணி. படகுக்கு வந்து ஏணியப் பிடிச்சப்ப இடது கை பிடிக்கவே இல்ல, அண்ணன் கீழ இருந்து தாங்கித்தான் ஏறினேன்.

அக்கா வரிசைய ஆரம்பிச்சாங்க. தொப்பி, அங்கி, காத்து மறைவு. இன்னைக்கு ஃபிளாஸ்க்ல ஒடியல் கூழ், காஞ்ச பனங்கிழங்கு மாவுல வைக்கற யாழ்ப்பாணத்துக் கூழ், நண்டு, மீன், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, புளியும் உறைப்புமா, காலைல நாலு மணிக்கு எழும்பி மோட்டல் அடுப்புல வச்சிருக்காங்க. அந்தக் கூழு எங்க ஊருக்குத் தெரியாது, நான் இந்த நாட்டுல வந்துதான் குடிச்சேன். ஆனா கப்ப வாங்க முடியல, கை நடுங்கி ரெண்டு தடவ தளும்பிடுச்சு. அக்கா கப்ப பிடிச்சுக்க நான் குடிச்சேன்.

இடது கைய அக்கா அடிக்கடி கேட்டுட்டே இருந்தாங்க, எந்த விரல், எவ்வளவு, வலது கைக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கா. குளிர்ல மரத்த கையும் பெண்ட்ஸ்ல மரத்த கையும் முதல்ல ஒரே மாதிரி இருக்கும், சூடானதுக்கப்புறமும் மரப்பு போகலன்னாலோ, குளிரு படாத இடத்துல மரப்பு வந்தாலோ, மூட்டுல வலி இருந்தாலோ அது குளிரு இல்ல, ஆக்சிஜன் வச்சுட்டு போன் பண்ணணும். கைய தேய்க்க விடல, சூடான எதையும் மேல வைக்க விடல, என் அக்குளுக்குள்ளயே வச்சுக்கச் சொன்னாங்க. இருபத்தஞ்சு நிமிஷத்துல விரல் ஒவ்வொண்ணா வந்துச்சு, முதல்ல சுண்டு விரல், எரிச்சலோட. கடைசில கட்டை விரல். அண்ணன் ஒரு கயிறக் குடுத்து முடிச்சு போடச் சொன்னார், போட்டேன்.

ரெண்டாவது டைவ் ஸ்வீப்ஸ்டேக்ஸ், பிக் டப் துறைமுகத்துக்குள்ள ஆறு மீட்டர்லயே கிடக்கற பாய்மரக் கப்பல், 1885-ல இருந்து. ரொம்ப சுலபமான டைவ், கடைசி நாள் வேற. ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆச்சு, கை சரியா இருக்கு, மத்தவங்க எல்லாம் டேங்க் மாத்திட்டாங்க. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள அந்தச் சின்ன நடுக்கம் நிக்கல, வெளிய யாருக்கும் தெரியாது, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குள்ள ஒரு அதிர்வு மாதிரி. நடுங்கிட்டே இறங்கினா உடம்புல சேமிப்பு எதுவும் இல்லாம இறங்கறோம்னு அர்த்தம், முதல் டைவுல இழந்ததோட ரெண்டாவது டைவு மேல ஏறும். அண்ணன் படகு ஓரத்துல கால்ல ஃபின்ன (நீந்தற துடுப்பு) மாட்டிட்டு இருந்தார்.

“அண்ணே, நான் வரல. உள்ள இன்னும் குளிருது.”

அவர் ஏன்னு கேக்கல, ஆறு மீட்டர்தானேன்னும் சொல்லல. ஃபின்ன கழட்டி வச்சிட்டு எந்திரிச்சு வந்து, “திரும்பும், ஜிப்ப நான் இழுக்கிறன்”னார். முதுகுப் பக்கத்து ஜிப்ப தானே இழுத்துத் திறந்து, சீல கிழியாம என் தலைக்கு மேல தூக்கி, காஞ்ச சட்டைய நீட்டினார். அவரும் அந்த டைவுக்குப் போகல. நான் வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன், “கப்பல் எங்கயும் போகாது தம்பி, 1885-ல இருந்து அதே இடத்துலதான் கிடக்குது”ன்னார்.

மத்தவங்க இறங்கினதும் மூணு பேரும் படகு பின்பக்கம் வெயில் படற பலகையில உக்காந்தோம். தண்ணி கண்ணாடி மாதிரி இருந்ததால மேல இருந்தே ஸ்வீப்ஸ்டேக்ஸோட பலகை வரிசை தெரிஞ்சுது, டைவர்ங்களோட குமிழ் அதுக்கு மேல கொத்துக் கொத்தா வந்து உடையுது. அக்கா ஃபிளாஸ்க்கச் சாய்ச்சு அடியில இருந்த கூழ வழிச்சு ஊத்தினாங்க, அதுல ஒரு நண்டுக்கால் வந்துச்சு. இந்த தடவ கப்ப நானே பிடிச்சேன்.